பிம்மும் பீங்கானும்: யாருக்காகய்யா இந்தக் கணக்கு?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த சமாச்சாரம். கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. கட்டடத்துறை ஆளுங்க வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சண்டைக்கு வரலாம், வரவேற்கிறேன். மத்தவங்க பயப்படாம படிங்க, புரியிற மாதிரிதான் எழுதியிருக்கேன்.

"பிம்ல கட்டடத்த வரைஞ்சுட்டா போதும் சார், எனர்ஜி அனாலிசிஸ் தானா வந்துடும்." இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்னிக்கு நான் பிடிச்சு உலுக்கப் போறேன். சென்னையில சொன்னாங்க, கோயம்புத்தூர்ல சொன்னாங்க, இப்போ எங்க விருத்தாசலம், நெய்வேலி, கடலூர் பக்கமும் வந்து சொல்றாங்க. பசங்க வாயப் பொளந்து கேக்குறாங்க. நான் சொல்றேன்: தானா வராது. தானா வந்துச்சுன்னா அது தப்பா வந்திருக்குன்னு அர்த்தம்.

முதல்ல தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பிம் என்பது பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். பழைய கேட் மென்பொருள்ல சுவர்னா ரெண்டு கோடு, அவ்ளோதான். பிம்ல சுவர்னா சுவரேதான். அதோட உயரம், கனம், உள்ளே செங்கல்லா பிளாக்கா, வெளியே என்ன பூச்சு, எல்லாம் அந்தச் சுவருக்குள்ளேயே தகவலாக உட்கார்ந்திருக்கும். ஜன்னலை நகர்த்தினா சுவர்ல இருக்கிற ஓட்டையும் கூடவே நகரும். 2002-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ரெவிட்டை விலைக்கு வாங்கினதுக்கப்புறம்தான் இது உலகம் பூரா பரவுச்சு. நல்ல விஷயம். எனக்கு அதுமேல ஒரு கோபமும் கிடையாது.

இன்னொரு பக்கம் கட்டடத்துக்குள்ளே வெப்பம் எப்படிப் போகுது வருதுன்னு கணக்குப் போடுற மென்பொருள்கள். அதுல பெரியண்ணன் எனர்ஜிப்ளஸ். அமெரிக்க எரிசக்தித் துறை 2001-ல் வெளியிட்டது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கு. வருஷத்துல உள்ள 8,760 மணி நேரத்துக்கும் வெயில் எவ்வளவு, காத்து எவ்வளவு, உள்ளே எத்தனை பேர், எத்தனை விளக்குன்னு எடுத்துக்கிட்டு, அறைக்குள்ள என்ன சூடு, ஏ.சி. எவ்வளவு இழுக்கும்னு சொல்லும்.

இந்த ரெண்டையும் சேர்த்து வச்சா கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் பொண்ணு வீட்டுக்காரங்களும் வேற வேற பாஷை பேசுறதுதான் பிரச்சினை. அதுக்குப் பேருதான் தகவல் பரிமாற்றம்.

இதைப் புரிஞ்சிக்க நம்ம ஆளுங்களுக்கு வேற உதாரணமே வேணாம். எழுத்துருக் கூத்தை நெனச்சுக்கங்க. திஸ்கியில ஒருத்தர் எழுதுவார், பாமினியில ஒருத்தர் எழுதுவார், டேப்புல இன்னொருத்தர். ஒருத்தர் எழுதினத மத்தவர் திறந்தா பூச்சி பூச்சியா தெரியும். 1999 தமிழ்நெட் மாநாட்டுல ஒரு தரம் கொண்டுவந்தாங்க, அப்புறம் யுனிகோடு வந்துச்சு, 2010-ல்தான் தமிழ்நாடு அரசு யுனிகோடை முறைப்படி ஏத்துக்கிட்டு ஆணை போட்டது. நடுவுல எத்தனை பேர் எழுதினது உருமாற்றியில மாட்டிச் சின்னாபின்னமாச்சு? "கொ" போய் "கெ"யும் துணைக்காலும் தனித்தனியா நின்ன கதை நமக்குத் தெரியாததா?

கட்டடத்துறையும் அதே சேத்துலதான் நிக்குது. ஐ.எஃப்.சி. என்று ஒரு பொது வடிவம் இருக்கு. ஐ.எஸ்.ஓ. 16739 என்ற எண்ணில் 2013-லேயே உலகத் தரமாச்சு, 2024-ல் புதுப்பதிப்பும் வந்தாச்சு. அது பாலம், ரோடு, கட்டடம் எல்லாத்தையும் சுமக்கிற பெரிய வண்டி. ஜிபி எக்ஸ்எம்எல் என்று இன்னொண்ணு, 2000 வாக்குல அமெரிக்காவுல எனர்ஜி கணக்குக்குன்னே உண்டாக்கினது, சின்ன வண்டி. ரெண்டுமே இருக்கு, ரெண்டுமே திறந்த வடிவங்கள். ஆனா ஏத்துறவன் ஒழுங்கா ஏத்தி, இறக்குறவன் ஒழுங்கா இறக்கினாத்தானே?

நடக்கிறது என்ன? வரைஞ்ச ஆளுக்கு சுவர் அழகா சேர்ந்த மாதிரி தெரியும். கணக்குப் போடுற மென்பொருளுக்கு ரெண்டு சுவருக்கும் நடுவுல ரெண்டு மி.மீ. இடைவெளி. அவ்ளோதான், அந்த அறை அறையே இல்லைன்னு தூக்கிக் கடாசிடும். தூண் சுவருக்குள்ள முட்டிக்கிட்டு நின்னா ஒரே சுவரை நாலு துண்டாக்கி வைக்கும். பொய்க்கூரைக்கு மேல இருக்கிற வெற்றிடத்தை இன்னொரு அறைன்னு எடுத்துக்கும், இல்லன்னா கணக்குலயே சேர்க்காது. சுவரோட நடுக்கோட்டை வச்சு அளக்கிறதா, உள்முகத்தை வச்சு அளக்கிறதாங்கிறதுலேயே அறையோட பரப்பளவு மாறிடும். கடைசியில அனுபவப்பட்ட ஆளு என்ன பண்றார்? "விடுப்பா"ன்னு சொல்லிட்டு, முழுக் கட்டடத்தையும் கணக்கு மென்பொருள்ல முதல்லேர்ந்து மறுபடி வரையறார். ஒரே கட்டடத்துக்கு ரெண்டு தடவை கூலி!

இது எங்க ஊர் புலம்பல்னு நினைக்காதீங்க. அமெரிக்காவோட தேசியத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-ல் ஒரு அறிக்கை போட்டது. கட்டுமானத்துறையில மென்பொருள்கள் ஒண்ணோட ஒண்ணு பேசாததால அந்த நாட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு 15.8 பில்லியன் டாலர் தண்டம்னு அதுல கணக்குக் காட்டியிருந்தாங்க. பணக்காரன் வீட்டுலயே இந்தக் கதின்னா நம்ம நிலைமை என்னன்னு யோசிங்க.

சரி, இதெல்லாம் ஓட்டை ஒடிசல், நாளைக்குச் சரியாயிடும்னு வச்சுக்குவோம். வடிவம் பூரா பத்திரமா போய்ச் சேர்ந்தாச்சு. அப்பவும் என் சண்டை தீரலை. இனிமேதான் ஆரம்பமே.

எங்க ஊருக்கு வாங்க. விருத்தாசலம்னா பழமலைநாதர் கோயில், மணிமுக்தாறு, ஜங்ஷன், அப்புறம் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை இங்கே இருக்கு. பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே தனியா அரசு டிப்ளமோ கல்வி நிலையம் இருக்கு. நெய்வேலிக் களிமண் பக்கத்துலயே. கொலு பொம்மை, அகல் விளக்கு, டீ கப்பு, கரண்டு பெட்டிக்குள்ள வெள்ளையா இருக்குமே ஃப்யூஸ் கேரியர், எல்லாம் இங்கேர்ந்து போனது, போறது. ஃப்யூஸ் கேரியர் இருந்த இடத்துல எம்.சி.பி. வந்து உட்கார்ந்துக்கிச்சு. டைல்ஸ்னா குஜராத்து மோர்பிதான்னு ஆயிடுச்சு. தொழில் தேடிக்கிட்டு நிக்கிற ஊர் இது.

இந்த ஊர்ல ஒரு சாதாரண வீட்டு மொட்டைமாடியை எடுத்துக்குங்க. கான்கிரீட் தளம் ஒட்டினதுக்கு மேல, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வெதரிங் கோர்ஸ் போடுவாங்க. அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. நம்ம கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையா செய்யிற வேலை. இப்போ அதுக்கு மேலயே வெள்ளைப் பீங்கான் சில்லு பதிக்கிற பழக்கமும் இருக்கு. உடைஞ்ச, கழிச்சுப்போட்ட வெள்ளை டைல்ஸ்தான். வெயிலைத் திருப்பி அடிச்சிடும், கீழே சூடு குறையும். பீங்கான் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்கா சொல்லுங்க? கழிவுதான் சரக்கே!

இப்போ கணக்கைப் பாப்போம். கால்குலேட்டர் போதும், மென்பொருள் வேணாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-ல் போட்ட எஸ்.பி. 41 கையேட்டுல நம்ம ஊர்ப் பொருள்களோட வெப்பக் கடத்துதிறன் அட்டவணையே இருக்கு. கான்கிரீட் 1.58, சுண்ணாம்புக் கான்கிரீட் 0.730, தட்டோடு 0.798, சிமெண்ட் பூச்சு 0.721. கனத்தை இதால வகுத்தா வெப்பத்தடை. எல்லாத் தடையையும் கூட்டி, உள்ளே வெளியே இருக்கிற காத்துப் படலத்துக்கு 0.21 சேர்த்து, ஒண்ணை அதால வகுத்தா யு-மதிப்பு. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

120 மி.மீ. வெறுங் கான்கிரீட்டும் அடியில 12 மி.மீ. பூச்சும்: யு-மதிப்பு 3.3. மேல 100 மி.மீ. சுண்ணாம்பு ஜல்லியும் 20 மி.மீ. தட்டோடும் போட்டா: 2.15. பாத்தீங்களா, நம்ம கொத்தனார் மூணுல ஒரு பங்கு வெப்பத்தைத் தடுத்துட்டார். ஆனா வீடுகளுக்குன்னு மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதி கேக்கிறது 1.2. எட்டலை. நடுவுல 15 மி.மீ. தெர்மாகோல் வச்சா 1.12 ஆயிடும், பாஸ். இதுக்கு லட்ச ரூபாய் லைசென்ஸ் எதுக்குய்யா? ஒரு பேப்பர், ஒரு பேனா.

கொஞ்சம் பொறுங்க, "அப்போ மென்பொருளே வேணாங்கிறியா"ன்னு பாயாதீங்க. வேணும். எதுக்கு வேணும்னா, யு-மதிப்புல நிறத்துக்கு இடமே இல்லை. வெள்ளைச் சில்லு பதிச்ச மாடிக்கும் கறுப்புத் தார் பூசின மாடிக்கும் யு-மதிப்பு ஒண்ணேதான். சூரியன் அடிக்கிறதை எவ்வளவு வாங்கிக்கும், எவ்வளவு திருப்பி அனுப்பும்ங்கிறதை மணிக்கு மணி பார்க்கணும்னா எனர்ஜிப்ளஸ் மாதிரி ஒண்ணு வேணும். அதுக்குத்தானே அது பொறந்தது!

ஆனா இங்கதான் வருது வேட்டு. எனர்ஜிப்ளஸ்ல ஒரு பொருளோட சூரிய உட்கவர்திறனை நீங்க சொல்லலைன்னா, அது தானா 0.7 என்று எடுத்துக்கும். அதாவது பத்துல ஏழு பங்கு வெயிலை உறிஞ்சிக்கிற பழுப்புப் பொருள். பிம்ல நீங்க வெள்ளை டைல்ஸ்னு போட்டு, படத்துலயும் பளபளன்னு வெள்ளையா தெரியும். ஏத்தும்போது அந்த ஒரு எண் ஏறலைன்னா, அந்தப் பக்கம் இறங்குறது வெள்ளை இல்லை, 0.7. மென்பொருள் தப்புன்னு சொல்லாது. சிவப்பு விளக்கு எரியாது. அழகா வண்ண வண்ணமா வரைபடம் போட்டுக் கொடுக்கும். நீங்க அதை கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துட்டு வந்துடுவீங்க.

எவ்வளவு வித்தியாசம்? உச்சி வெயில்ல சதுர மீட்டருக்கு 900 வாட் அடிக்குதுன்னு வைங்க. வெளிப்பரப்பு காத்துக்கு வெப்பத்தை விடுற அளவு 25 (மேல சொன்ன காத்துப் படலத்துல வெளிப்பக்கம் 0.04, அதைத் திருப்பிப் போட்டா 25). 0.7 உறிஞ்சிற மாடிக்கு, காத்தோட சூட்டுக்கு மேல 25 டிகிரி கூடுதல் பாரம். 0.3 மட்டும் உறிஞ்சிற வெள்ளை மாடிக்கு 11 டிகிரிக்குள்ளதான். வித்தியாசம் 14 டிகிரி சொச்சம். நம்ம 2.15 யு-மதிப்பு மாடியில அது சதுர மீட்டருக்கு 31 வாட். நூறு சதுர மீட்டர் வீட்டுக்கு 3.1 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. இழுக்கிற வெப்பம் 3.5 கிலோவாட். தளம் வெப்பத்தைத் தேக்கி வச்சு மெதுவா விடும், அதனால உச்சம் கொஞ்சம் குறையும், தள்ளியும் போகும். நான் சொல்றது தோராயம்தான். ஆனா அளவு புரியுதா? ஒரே ஒரு எண் வழியில விழுந்து போனதால, கணக்குல ஒரு டன் ஏ.சி.க்குப் பக்கமா பொய் சேர்ந்துடுச்சு. அந்தப் பொய்யை நம்பி வீட்டுக்காரர் ஒரு ஏ.சி. கூட வாங்குவார். வெள்ளைச் சில்லு பதிக்கிறது வேஸ்ட்னு ரிப்போர்ட் சொல்லும். பீங்கான்காரன் சரக்கு விக்காது.

ஒரு கருத்தரங்குல (எந்த ஊர், எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க) மென்பொருள் விக்க வந்த தம்பிகிட்ட எழுந்து கேட்டேன்.

"தம்பி, எங்க ஊர் பீங்கான் சில்லுக்கு இதுல என்ன மதிப்பு வச்சிருக்கீங்க?"

"லைப்ரரில செராமிக் டைல் இருக்கு சார், அதையே எடுத்துக்கலாம்."

"அது எந்த ஊர் டைல்ஸ்?"

"அது... ஸ்டாண்டர்டு சார்."

"ஸ்டாண்டர்டு எந்த ஊர்ல இருக்கு தம்பி?"

பசங்க சிரிச்சாங்க. அந்தத் தம்பி மேல எனக்குக் கோவமில்லை, பாவம், அவரு டார்கெட்டுக்கு ஓடுறவர். கோவம் யார் மேலன்னா, இதுக்குப் பதில் தெரியாமலே பாடத்திட்டத்துல சேர்த்து, லேப் போட்டு, பசங்களை பட்டன் தட்டப் பழக்குற பெரியவங்க மேல.

அடுத்தது வானிலைக் கோப்பு. 8,760 மணி நேரத்துக்கும் வெயில், காத்து, ஈரப்பதம் எல்லாம் ஒரு கோப்பா ஊட்டணும். எங்க பக்கத்துல கட்டடம் கட்டுறவங்க பெரும்பாலும் சென்னைக் கோப்பைப் போட்டு ஓட்டிடுறாங்க. ஏன்னு கேட்டா, "ரெண்டும் ஒரே மண்டலம்தானே சார்". ஆமா, விதிப்புத்தக வரைபடத்துல ரெண்டுமே வெப்ப ஈரப்பத மண்டலம்தான். ஆனா சென்னையில மே மாசம் மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வந்து காப்பாத்தும். விருத்தாசலத்துக்கும் கடலூர்க் கடலுக்கும் நடுவுல அம்பது அறுவது கிலோமீட்டர். கடல்காத்து இங்க வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலமாயிடும், அதுலயும் சாரம் இருக்காது. சென்னைக்காரனோட வேர்வையை அளந்து விருத்தாசலத்துக்காரனுக்கு விசிறி வாங்குறது என்ன நியாயம்?

இப்போ ரெண்டு எதிர்வாதம் வரும். ரெண்டையும் பாத்துடுவோம்.

முதலாவது: "சார், இதெல்லாம் பெரிய கட்டடத்துக்குத்தான். சின்ன ஊருக்கு எதுக்கு?" விதியும் அப்படித்தான் சொல்லுது. 2007-ல் வந்து 2017-ல் திருத்தின ஈ.சி.பி.சி. விதி, 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை இருக்கிற வணிகக் கட்டடத்துக்கு. 2018-ல் வந்த வீட்டு விதி, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைக்கு. அதாவது பன்னெண்டு செண்டுக்கு மேல. எங்க ஊர்ல மூணு செண்டுல வீடு கட்டுறவன் இதுல எங்க வர்றான்? ஆனா வெயில் செண்டு பாத்தா அடிக்குது? 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராவே அறிவிச்சுது. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்துச்சு. வெயில்ல சாகிறவன் கண்ணாடி மாளிகையில இருக்கிறவனா, கான்கிரீட் தளத்துக்கு அடியில மத்தியானம் படுத்திருக்கிற கிழவியா? யாருக்குக் கணக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்கு விதியும் இல்லை, மென்பொருளும் இல்லை, எண்ணும் இல்லை.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். எங்களுக்கு மின்சாரம்னா பக்கத்து ஊர் சமாச்சாரம். நெய்வேலியில நிலக்கரி தோண்டித்தான் விளக்கெரியுது. 2023 ஜூலையில வளையமாதேவியில நின்ன நெற்பயிர் மேல பொக்லைன் ஏறினதை தமிழ்நாடே டிவியில பாத்துச்சு. சுரங்கத்துக்காகத்தான். வீணாப்போற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கேயோ ஒரு அடி மண் போகுதுங்கிறது எங்களுக்கு உவமை இல்லைங்க, பஸ் ஜன்னல் வழியா பாக்கிற காட்சி. அதனாலதான் கணக்கு தப்பாப் போனா எனக்கு எரியுது.

ரெண்டாவது எதிர்வாதம்: "பசுமைச் சான்றிதழ் வாங்க இதெல்லாம் வேணும் சார்." வாங்குங்க, யார் வேணாங்கிறது. ஆனா சான்றிதழுக்காகப் போட்ட கணக்கு கட்டடத்தோட கடைசி வரைக்கும் வருதா? சென்னை ஓமந்தூரார் தோட்டத்துல பசுமைக் கட்டடம்னு பெருமையா புதுச் சட்டமன்ற வளாகம் 2010 மார்ச்சுல திறந்தாங்க. 2014-ல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆயிடுச்சு. அரசியலை விடுங்க, அது வேற பஞ்சாயத்து. கணக்கை மட்டும் பாருங்க. சட்டமன்றம்னா வருஷத்துல சில நாள், பகல்ல கூட்டம். ஆஸ்பத்திரின்னா 24 மணி நேரம், ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. கட்டடம் மாறினா கணக்கும் மாறணும். அதுக்கு அந்த மாதிரியும் அதிலுள்ள தகவலும், யார் வேணாலும் திறக்கிற வடிவத்துல, கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கிட்ட இருக்கணும். வடிவமைச்ச கம்பெனியோட கம்ப்யூட்டர்ல, அஞ்சு வருஷம் முன்னாடி செத்துப்போன பதிப்புல இருந்து என்ன பிரயோஜனம்?

செத்துப்போறதுன்னு சும்மா சொல்லலை. எக்கோடெக்ட்னு ஒரு அருமையான மென்பொருள் இருந்துச்சு. வெயில் எங்க விழும், நிழல் எங்க விழும்னு மாணவனுக்குக் கூடப் புரியிற மாதிரி காட்டும். ஆட்டோடெஸ்க் அதை 2008-ல் வாங்குச்சு, 2015 மார்ச்சுல விற்பனையை நிறுத்திடுச்சு. அதுல கோப்பு கோப்பா சேத்து வச்சவங்க தலையில துண்டு. 2020 ஜூலையில ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்பட பெரிய பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து ரெவிட் விலை ஏறிக்கிட்டே போகுது, வளர்ச்சி இல்லைன்னு அதே ஆட்டோடெஸ்க்குக்குத் திறந்த கடிதமே எழுதினாங்க. லண்டன்ல உக்காந்திருக்கிற ஜாம்பவான்களே புலம்புறாங்க. நாம எந்த மூலை?

சரி, திட்டிட்டே போனா ஆச்சா, என்னதான் செய்யணுங்கிறேன்னு கேப்பீங்க. நாலே விஷயம்.

1. பொதுப்பணத்துல கட்டுற எந்தக் கட்டடத்துக்கும் டெண்டர்லயே எழுதணும்: மாதிரியை ஐ.எஃப்.சி. வடிவத்துல ஒப்படைக்கணும், எனர்ஜி கணக்கோட உள்ளீட்டுக் கோப்பையும் சேர்த்து. கலர் பிரிண்ட் வேணாம், கோப்பு வேணும். இன்ன மென்பொருள்தான்னு எழுதக்கூடாது. அரசு ஆவணத்துக்கு யுனிகோடுன்னு ஆணை போட முடிஞ்ச அரசுக்கு இது ஒரு வேலையா?

2. விருத்தாசலத்துல இருக்கிற அந்தப் பீங்கான் கல்வி நிலையத்துக்கு ஒரு வேலை கொடுக்கணும். ஊர்ச் சரக்கு ஒவ்வொண்ணையும் அளந்து பட்டியல் போடணும். அடர்த்தி, கடத்துதிறன், எதிரொளிப்பு. புதுசா இருக்கும்போது எவ்வளவு, மூணு வருஷ தூசி படிஞ்சப்புறம் எவ்வளவு. கூரை எதிரொளிப்பு 0.60-க்குக் குறையக்கூடாதுன்னு ஈ.சி.பி.சி. 2017 கேக்குது. எங்க சில்லு அதைத் தாண்டுதுன்னு முத்திரை குத்திய ஒரு தாள் கையில இருந்தா, மோர்பிக்காரனோட விலையில மோத வேண்டாம், தாளை வச்சே ஜெயிக்கலாம். சரக்கோட அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுக்கிற கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல்ல கொடுக்கிறவர்தான் பொழைப்பார்.

3. கல்லூரிகள்ல பட்டன் தட்டுறதுக்கு முன்னாடி, மேல நான் போட்ட கணக்கை பையன் கையால போடணும். ஒரு கூரை, ஒரு சுவர், ஒரு ஜன்னல். விடை 2.15 வரணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா, மென்பொருள் 4.6-ன்னு காட்டும்போது நெத்தியச் சுருக்குவான். தெரியாதவன் பைண்டிங் போடுவான். மென்பொருள் வேணும்னா எனர்ஜிப்ளஸ் சும்மாவே கிடைக்குது, திருட்டு சி.டி. எதுக்கு?

4. கணக்கு ரிப்போர்ட் கொடுக்கிறவங்க முதல் பக்கத்துலயே மூணு வரி எழுதணும்: எந்த ஊர் வானிலை, எந்தப் பொருளுக்கு எந்த எண், எந்த எண்ணெல்லாம் மென்பொருள் தானா போட்டுக்கிட்டது. மூணாவது வரிதான் முக்கியம். அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க.

"அளக்கிறதுக்கு செலவாகுமே"ன்னு முனகுறது கேக்குது. ஆகும். எதிரொளிப்பை அளக்கிற கருவி ஒண்ணு, கடத்துதிறன் அளக்கிற கருவி ஒண்ணு, ரெண்டு ஆளு. ஒரு தடவை அளந்து பொதுவுல வச்சுட்டா தமிழ்நாடு பூரா அதை எடுத்துக்கும். வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிற மாதிரி இல்லை, ஒரு எண்ணுக்கு ஒரு தடவைதான் செலவு. 1987-ல் எஸ்.பி. 41 போட்ட புண்ணியவான்கள் அளந்து வச்ச எண்ணைத்தான் நான் இன்னிக்கும் தின்னுக்கிட்டிருக்கேன். அவங்க "ஸ்டாண்டர்டு எடுத்துக்கலாம்"னு விட்டிருந்தா, நம்ம சுண்ணாம்பு ஜல்லிக்கும் தட்டோட்டுக்கும் இன்னிக்கு ஒரு முகவரி இருந்திருக்காது.

இந்த மென்பொருள் உலகத்துல ஒரு கொடுமையான விதி இருக்குங்க. பட்டியல்ல இல்லாத பொருள், உலகத்துலயே இல்லாத பொருள். கட்டடக்கலைஞர் கீழே இழுத்துப் பார்ப்பார், லைப்ரரில இருக்கிறதைப் போடுவார். அதுக்கு எண் இருக்கும், கணக்கு வரும், சான்றிதழ் வரும், ஆர்டரும் அதுக்கே போகும். மண்ணு நம்மளது, சூளை நம்மளது, வெயிலும் நம்மளது. எண் மட்டும் எவனோடதோ. பிம்மைக் கொண்டுவாங்க, வேணாங்கலை. ஆனா அதுக்குள்ள எங்க ஊர் ஓடு ஒண்ணையாவது முதல்ல ஏத்திட்டு வந்து அப்புறமா பட்டனைத் தட்டிக் காட்டுங்க.

பி.கு: யு-மதிப்புக் கணக்கை உங்க வீட்டு மாடிக்குப் போட்டுப் பார்க்கணும்னா, தளத்தோட கனத்தையும் மேல என்ன போட்டிருக்குங்கிறதையும் கேட்டுக்கங்க, கட்டின மேஸ்திரிக்குத் தெரியும். பி.ஐ.எம்.முக்குத் தெரியாது :-)